மிக்சியைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்த பத்து நாள்

கேள்வி: நகரத்தில் வளர்ந்தவர்களைக் கிராமத்தில் சில நாள் வாழ வைக்கும் ரியாலிட்டி நிகழ்ச்சிகளில் காட்டப்படுவது உண்மையான கிராம வாழ்க்கைதானா?

கேள்வி கேட்டவர் நகரத்தில் வளர்ந்தவராக இருக்க வேண்டும். அப்படியொரு நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளை விடுமுறைக்கு ஊருக்கு அனுப்பலாமா என்ற யோசனையிலும் இருக்கலாம் என்று நானாகவே எண்ணிக்கொள்கிறேன். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் தொலைக்காட்சியில் பார்த்த ஊரைத் தேடி அனுப்பாதீர்கள். இதை இவ்வளவு உறுதியாக நான் சொல்வதற்குக் காரணம், அத்தகைய நிகழ்ச்சி ஒன்றின் படப்பிடிப்பு 2022 அக்டோபரில் பத்து நாள் எங்கள் வீட்டில் நடந்ததுதான். எந்தத் தொலைக்காட்சி, எந்த நிகழ்ச்சி என்று பின்னூட்டத்தில் கேட்க வேண்டாம், சொல்வதாக இல்லை.

எங்கள் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். அம்மா மட்டும்தான் ஊரில் இருக்கிறார். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. வேலை வெளியூரில் என்றாலும் ஆயுதபூசை விடுமுறையை ஒட்டி வந்திருந்ததால் பாதிக்கு மேல் நேரில் பார்த்தேன். போட்டியில் கலந்துகொண்ட சென்னைப் பெண் ஒருத்தியை எங்கள் வீட்டில் தங்கவைத்து, சமையல், மாடு, நடவு எல்லாவற்றையும் அம்மா அவளுக்குக் கற்றுத்தர வேண்டும் என்பது ஏற்பாடு. வீட்டுக்கு நாள் வாடகை இரண்டாயிரம் ரூபாய். வாங்கினோம், மறைக்கவில்லை. "காசு வாங்கிக்கொண்டு இப்போது குறை சொல்கிறீர்களா" என்று எழுதப்போகிறவர்களுக்காக இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் காலையில் வந்தவர்கள் கேமராவை வெளியே எடுப்பதற்கு முன்பே வீட்டைக் கலைக்கத் தொடங்கினார்கள். 2006-க்குப் பிறகு அரசு எல்லா வீட்டுக்கும் கொடுத்ததே, அந்த வண்ணத் தொலைக்காட்சி பழுதான பின் நாங்கள் வாங்கிய புதியதை, வேட்டி போட்டு மூடினார்கள். ஆம், தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகத் தொலைக்காட்சிப் பெட்டியை மூடினார்கள். 2011-க்குப் பின் வந்த இலவச மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றில், மின்விசிறி மாட்டுக்கொட்டகைக்கும் கிரைண்டர் பக்கத்து வீட்டுக்கும் போயின. மிக்சியை மட்டும் அம்மா விடவில்லை. பழைய போர்வையில் சுற்றித் தன் கட்டிலுக்கடியில் தள்ளிவைத்துக்கொண்டார். டிஷ்ஷின் மேல் சாக்கு. வீட்டின் முன்பக்கம் ஓடு, பின்பக்கம் காங்கிரீட் என்பதால் பின்பக்கத்துக் கதவு படப்பிடிப்பு நேரமெல்லாம் சாத்தியே கிடந்தது. எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் அந்தக் கதவுக்குப் பின்னால் போய்விட்டன.

கொல்லையில் புதைந்து கிடந்த அம்மியைக் கடப்பாரையால் நெம்பி எடுத்து, இரண்டு ஆள் தூக்கி வந்து வாசல் பக்கத்தில் போட்டார்கள். அதில் மசாலா அரைத்துப் பதினைந்து வருடமாவது இருக்கும். மண் அடுப்பு ஒன்றையும் அவர்களே கொண்டுவந்தார்கள். விறகு ஈரம். பொங்கலன்று ஒரு பானை வைப்பதைத் தவிர விறகடுப்பின் பக்கமே போகாத அம்மா, அதற்கு முந்தைய ஆண்டுதான் கண்புரை அறுவை செய்துகொண்டிருந்தவர், பத்து நாள் புகையில் உட்கார்ந்து ஊதினார். "இவங்க கேக்குறது என் மாமியா காலத்து வீடு. அதுக்கு என்னை ஏன் கூப்புட்டாங்க, அவங்களையே எழுப்பிக் கேட்டிருக்கலாம்" என்று இரவில் என்னிடம் சொல்லிச் சிரித்தார். அப்போது எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

பழகாத வாழ்க்கையை வாழ்வதுதான் நிகழ்ச்சியின் கரு என்றால், அந்தப் பத்து நாளும் அப்படி வாழ்ந்தவர் என் அம்மா. சென்னைப் பெண்ணாவது தினமும் இரவு எட்டு மணிக்கு மேல் வேனில் ஏறிக் கும்பகோணத்து விடுதிக்குப் போய்க் குளித்துவிட்டு உறங்கினாள். ஒளிபரப்பில் அவள் எங்கள் திண்ணையில் பாய் விரித்துப் படுப்பதாக வரும்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. பிறகு ஒருநாள் இணையத்தில் தேடிப் பார்த்தபோது, 1999-இல் பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பிய 'தி 1900 ஹவுஸ்' பற்றித் தெரிந்தது. தென்கிழக்கு லண்டனில் ஒரு வீட்டை எடுத்து, மின்சாரத்தை அகற்றி, எரிவாயு விளக்கும் நிலக்கரி அடுப்பும் வைத்து, ஒரு குடும்பத்தை மூன்று மாதம் அதில் வாழவிட்டார்கள். வெந்நீருக்கே திண்டாட்டம், தலைமுடி அலசுவது பெரும்பாடு; வீட்டு வேலைக்கு ஒரு பெண்ணை அமர்த்திவிட்டு, அவளை வேலை வாங்க மனம் ஒப்பாமல் அந்த வீட்டம்மா தவித்தது எல்லாம் அதில் வருகிறது. அதற்குப் பின் வந்த 'ஃப்ரான்டியர் ஹவுஸ்' (அமெரிக்காவின் பிபிஎஸ் தொலைக்காட்சி, 2002) மூன்று குடும்பங்களை மான்டானா மாநிலத்தில் 1883-ஆம் ஆண்டுக் குடியேறிகளைப்போல் ஐந்து மாதம் இருக்கச் செய்தது. வரப்போகும் குளிர்காலத்தைத் தாண்ட அவர்கள் அடுக்கிய விறகு போதுமா என்று கடைசியில் வல்லுநர்கள் கணக்குப் பார்த்தார்கள். இவற்றிலும் நாடகம் உண்டு, தெரியும். ஆனால் இரண்டும் ஆண்டைப் பெயர் சொல்லி அறிவித்துவிட்டுத்தான் பழைய காலத்துக்குள் போயின. எங்கள் வீட்டிலும் செய்தது அதே வேலைதான். நாற்பது ஆண்டு பின்னால் தள்ளி ஒரு வீட்டை உருவாக்கினார்கள். பிறகு ஆண்டை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டு, அதற்குக் 'கிராமம்' என்று பெயர் வைத்தார்கள். பார்க்கிறவர் 2022-இல் கும்பகோணத்துப் பக்கம் அம்மியில்தான் அரைக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். என் பள்ளியிலேயே ஓர் ஆசிரியர் அப்படிக் கேட்டார்.

நடவுக் காட்சியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் நிலம் முழுவதும் நடவு இயந்திரத்தில் முடிந்துவிட்டது. படப்பிடிப்புக்காகப் பத்துக் குழி அளவு நிலத்தை மட்டும் விட்டுவைத்தோம். பக்கத்து வயல்காரரிடம் நாற்று முடி கேட்டு வாங்கினோம். அடுத்த வரப்புக்கு அந்தப் பக்கம் மேற்கு வங்கத்திலிருந்து வந்த ஆட்கள் வரிசையாகக் குனிந்து மளமளவென்று நட்டுக்கொண்டிருந்தார்கள். இன்றைய டெல்டாவைக் காட்ட வேண்டுமென்றால் அதைவிடப் பொருத்தமான காட்சி இல்லை. ஆனால் அவர்கள் விழாதபடி கேமராவைத் திருப்பி வைத்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் எட்டுப் பேரை முந்நூறு ரூபாய்க்கு வரவழைத்து, கண்டாங்கி கட்டச் சொல்லி, நடவுப் பாட்டுப் பாடச் சொன்னார்கள். யாருக்கும் முழுப் பாட்டுத் தெரியவில்லை. அம்மா இரண்டு வரி நினைவுபடுத்திச் சொல்ல, அந்த இரண்டு வரியையே மாலை வரை பாடினார்கள். சென்னைப் பெண் அம்மாவை முதலில் 'ஆன்ட்டி' என்றாள்; 'ஆத்தா' என்று அழைக்கும்படி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் தெருவில் அம்மாவை அக்கா என்பார்கள், பெரியம்மா என்பார்கள். ஆத்தா என்று அதுவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை.

அந்தப் பெண்ணைக் குறை சொல்லமாட்டேன். முதல் நாள் சேற்றில் இரண்டு முறை விழுந்தாள். மூன்றாம் நாள் கட்டைவிரலையும் இரண்டு விரலையும் சேர்த்து நாற்றின் வேரைப் பிடித்து, ஆழம் போகாமல் அழுத்தி, கயிறு பிடித்ததுபோல் ஒரு வரிசை நட்டாள். அம்மா அசந்துபோய், "எங்க ஊருப் பொண்ணுங்களே இப்ப இப்படி நடறதில்லை" என்றார். கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒளிபரப்பில் அந்த வரிசை வரவில்லை. விழுந்தது மட்டும் மூன்று கோணத்தில் வந்தது. அவள் விழுந்ததும் அடுத்த காட்சியில் அம்மா வாய்விட்டுச் சிரிப்பதுபோல் ஒட்டியிருந்தார்கள். அந்தச் சிரிப்பு முதல் நாள் மாலை கன்றுக்குட்டி ஒருவரின் மைக் ஒயரைக் கவ்வி இழுத்தபோது சிரித்தது. பின்னால் தெரியும் வைக்கோல்போரைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "விழுந்த புள்ளையப் பார்த்து நான் எப்படிச் சிரிப்பேன்? அது என்ன நினைச்சுக்கும்?" என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

நிகழ்ச்சிக்காரர்களிடம் தொலைபேசியில் கேட்டால், நீங்கள்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்றார்கள். உண்மைதான். ஆறு பக்கம், முழுவதும் ஆங்கிலத்தில். தமிழ் நிகழ்ச்சிக்கு, தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பெண்ணிடம் ஆங்கிலத்தில் ஏன் கையெழுத்து வாங்க வேண்டும் என்று நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. படித்தவள் நானும் அன்று அதைப் புரட்டிப் பார்க்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இது நம் ஊர்த் தொல்லை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். 2003-இல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சி, பணக்கார வீட்டுப் பெண்களான பாரிஸ் ஹில்டனையும் நிக்கோல் ரிச்சியையும் ஆர்கன்சா மாநிலத்தின் ஆல்டஸ் என்னும் சிற்றூரில் ஒரு பண்ணைக் குடும்பத்தோடு தங்கவைத்து 'தி சிம்பிள் லைஃப்' எடுத்தது. அதே காலத்தில் சிபிஎஸ் தொலைக்காட்சி அதைத் தலைகீழாக்கி, நாட்டுப்புறக் குடும்பம் ஒன்றை ஹாலிவுட் பக்கத்து மாளிகையில் குடிவைத்து வேடிக்கை பார்க்கத் திட்டமிட்டபோது, கென்டக்கியைச் சேர்ந்த ஓர் அமைப்பு நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்து எதிர்த்தது, செனட் சபை வரை பேச்சானது, நிகழ்ச்சி வரவேயில்லை. எங்கள் ஊரில் யாரும் எதிர்க்கவில்லை. கேபிளில் தெரு பார்த்தது, கைதட்டியது. அம்மாவை இப்போதும் இரண்டு பையன்கள் 'ஆத்தா' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

கற்றுக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்றால், எங்கள் வீட்டில் கிடைத்தது. ஆறாம் நாள் மதியம், படக்குழு சாப்பிடப் போயிருந்த வேளையில், அந்தப் பெண் அம்மாவின் கட்டிலுக்கடியில் போர்வை மூட்டையைப் பார்த்து என்னவென்று கேட்டிருக்கிறாள். பின்கதவைத் திறந்து, இருவரும் தரையில் உட்கார்ந்து தேங்காய்ச் சட்னி அரைத்தார்கள். நான் போனபோது அவள் மிக்சி மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். ரப்பர் வளையம் எப்போதோ போய்விட்டது, அழுத்தாவிட்டால் தெறிக்கும். தன் பாட்டி வீட்டு மிக்சியும் இப்படித்தான் என்றாள். அதன்பின் அம்மா அவளிடம் என்ன கதையெல்லாம் பேசினார், எவ்வளவு கடன் இருக்கிறது என்றுகூடச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. பொங்கலன்று அவள் போன் செய்தபோது அந்தச் சிரிப்பைப் பற்றி அம்மா விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள், "தெரியும் பெரியம்மா" என்றாளாம்.

அம்மியைத் தூக்கி வந்தவர்கள் திரும்ப எடுத்து வைக்காமலே போய்விட்டார்கள். வாசல் பக்கத்திலேயே கிடக்கிறது. இரண்டு ஆள் வேண்டும். அம்மா யாரையும் கேட்கவில்லை. துணி துவைக்கும்போது சோப்பை அதன்மேல் வைத்துக்கொள்கிறார்.