கம்ப்யூட்டரா, கன்சோலா? வாசகர் கேள்விகள்

கேள்வி: புதிதாக கேம் ஆட ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். நண்பர்கள் கம்ப்யூட்டர் கட்சி, கன்சோல் கட்சி என்று பிரிந்துகொண்டு குழப்புகிறார்கள். எது உசத்தி?

பதில்: கன்சோல் என்பது டிவியில் மாட்டி கேம் ஆடுவதற்கென்றே செய்த பெட்டி. உள்ளே இருக்கும் சரக்கை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 2006-இல் வந்த சோனியின் பிளேஸ்டேஷன் 3 கன்சோலுக்குள் செல் என்ற தனி ரகச் சிப் இருந்தது, அதற்காக கேம் எழுதுவதே பெரும்பாடு. 2013-இல் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டும் வந்தபோது அந்தக் கதை முடிந்தது, சாதாரண கம்ப்யூட்டரில் இருக்கும் அதே வகை பிராசசர்தான் இவற்றிலும். 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5-ஐயும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸையும் திறந்து பார்த்தால் இரண்டிலும் ஏஎம்டியின் 8 கோர் பிராசசர், 16 ஜிபி மெமரி.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? கேமையும் இயந்திரத்தையும் பொருத்திவைக்கும் வேலை யார் தலையில் விழுகிறது என்பதில்தான். கன்சோலில் அதை கேம் தயாரித்தவரே முடித்துக் கொடுத்துவிடுகிறார், ஏனென்றால் உங்கள் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். கம்ப்யூட்டரில் அது உங்கள் வேலை. அந்த வேலையை ரசித்துச் செய்பவர்கள் உண்டு, நானும் அந்த ரகம்தான். செட்டிங்ஸில் நிழலைக் கொஞ்சம் குறைத்து, தூரத்துக் காட்சியைக் கொஞ்சம் கூட்டி, விநாடிக்கு எத்தனை படம் என்ற ஃபிரேம் கணக்கு மேலே ஏறுவதைப் பார்ப்பதில் தனி சந்தோஷம் இருக்கிறது. ஆனால் நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்து ஒரு மணி நேரம் ஆடிவிட்டுத் தூங்க வேண்டும் என்பவருக்கு அது சந்தோஷமில்லை, தொல்லை. நீங்கள் எந்த ரகம் என்று நண்பர்களைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி: என் கம்ப்யூட்டர் என் நண்பனின் கன்சோலைவிடப் பலம் கூடியது. ஆனாலும் புது கேமில் புதிய இடத்துக்குள் நுழையும்போதெல்லாம் ஒரு கணம் திக்கி நிற்கிறது. அவனுக்கு அப்படி ஆவதில்லை. படம் வரையும் கிராபிக்ஸ் கார்டு பழுதா?

பதில்: பழுதெல்லாம் இல்லை, பயப்படாதீர்கள். பெரும்பாலும் இது ஷேடர் விவகாரம்.

ஈரத் தரையில் வெளிச்சம் எப்படிப் பட வேண்டும், புகை எப்படிக் கலைய வேண்டும் என்று கிராபிக்ஸ் சிப்புக்குச் சொல்லும் குட்டி நிரல்தான் ஷேடர். ஒரு கேமில் இப்படி ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றையும் அந்தந்தச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றியாக வேண்டும். கன்சோலில் சிப் ஒன்றேதான் என்பதால் கேம் கம்பெனியே எல்லாவற்றையும் மாற்றி, தயாராகக் கையில் கொடுத்துவிடுகிறது. கம்ப்யூட்டர் உலகத்தில் என்விடியா, ஏஎம்டி, இன்டெல் என்று மூன்று பேர், ஒவ்வொருவரிடமும் பல தலைமுறைக் கார்டுகள், அதற்கு மேல் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் வெர்ஷன்கள். இத்தனை கூட்டணிக்கும் முன்கூட்டியே மாற்றிவைக்க யாராலும் முடியாது, அதனால் அந்த வேலை உங்கள் வீட்டில், உங்கள் கம்ப்யூட்டரில், சில சமயம் நீங்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே நடக்கிறது.

விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு படம் வரைய சுமார் 16.7 மில்லி விநாடிதான் கிடைக்கும். நீங்கள் கதவைத் திறக்கிறீர்கள், உள்ளே இதுவரை காட்டாத ஒரு புகை, அதன் ஷேடரை மாற்ற 100 மில்லி விநாடி ஆகிறது என்று வையுங்கள், அதற்குள் ஆறு படங்கள் போய்விட்டன. நீங்கள் பார்த்த திக்கல் அதுதான். அதே கதவை மறுபடி திறந்து பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும், ஏனென்றால் மாற்றியது சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. டிரைவரை அப்டேட் செய்தால் பெரும்பாலும் அந்தச் சேமிப்பு செல்லாமல் போய், மறுபடி முதலிலிருந்து.

2022-இல் வால்வ் கம்பெனி ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கம்ப்யூட்டரை விற்க ஆரம்பித்தபோது, எல்லாருக்கும் ஒரே மாதிரி சிப் என்பதால், மாற்றிவைத்த ஷேடர்களை ஸ்டீம் என்ற தன் ஆன்லைன் கேம் கடை வழியாக முன்கூட்டியே அனுப்பத் தொடங்கியது. கன்சோலின் சௌகரியம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நீங்கள் செய்ய வேண்டியது: கேமை முதல் தடவை திறக்கும்போது ஷேடர்கள் தயாராகின்றன என்று ஒரு பட்டை ஓடினால் அதை முழுதாக ஓட விடுங்கள். பொறுமை இல்லாமல் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பிறகு அதிகம் புலம்புகிறார்கள். அப்புறம், கார்டில் 8 ஜிபி மெமரிதான் என்றால் பொருள்களின் மேல் ஒட்டும் படமான டெக்ஸ்சரின் அளவை செட்டிங்ஸில் ஒரு படி இறக்கிப் பாருங்கள், சில திக்கல் அதனாலும் வரும். இரண்டும் செய்தும் போகவில்லை என்றால் அது கேம் எழுதியதிலேயே உள்ள கோளாறாக இருக்கலாம், அந்த மாதிரி கேம்களில் கன்சோலிலும் திக்கும்.

கேள்வி: சுடும் கேம்களில் மவுஸ் வைத்திருப்பவர்களிடம் கன்ட்ரோலரோடு போனால் தோல்விதானா?

பதில்: குறிபார்ப்பதில் மவுஸுக்குத்தான் சாதகம். கை எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு பார்வை நகரும். கன்ட்ரோலரின் குச்சியோ எந்த வேகத்தில் திரும்ப வேண்டும் என்று மட்டும்தான் சொல்லும், சரியான இடத்தில் நிறுத்துவது உங்கள் பாடு. இதை ஈடுகட்டத்தான் கன்ட்ரோலருக்கு எய்ம் அசிஸ்ட் என்ற உதவியைக் கொடுக்கிறார்கள், அது போதாது என்று ஒரு பக்கமும் அநியாயத்துக்கு அதிகம் என்று மறுபக்கமும் சண்டை ஓய்ந்தபாடில்லை. பல கேம்களில், கம்ப்யூட்டர்காரர்களும் கன்சோல்காரர்களும் கலந்து ஆடும் கிராஸ்பிளேயை அணைத்துவிட்டு கன்சோல்காரர்களோடு மட்டும் ஆட வழி இருக்கிறது, அதைத் தேடிப் பாருங்கள்.

கார் ஓட்டும் கேம், கால்பந்து என்று வந்தால் நிலைமை தலைகீழ். கீபோர்டில் ஒரு பட்டன் அழுத்தப்பட்டிருக்கும் அல்லது இருக்காது, நடுவில் ஒன்றும் கிடையாது. வளைவில் லேசாகத் திருப்ப குச்சிதான் வேண்டும். கம்ப்யூட்டரிலும் கன்ட்ரோலரை மாட்டலாம் என்பதை ஏனோ பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: கன்சோல்தான் மலிவு என்கிறார்களே, நிஜமா?

பதில்: வாங்கும் நாளில் நிஜம். அதே தரத்தில் ஆடக்கூடிய கம்ப்யூட்டரைக் கூட்ட வழக்கமாக அதைவிட அதிகம் ஆகும். ஆனால் கணக்கு அன்றோடு முடிவதில்லை. பிளேஸ்டேஷன் 4 வந்ததிலிருந்து, காசு கொடுத்து வாங்கிய கேமையே மற்றவர்களோடு ஆன்லைனில் ஆட பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா கட்டியாக வேண்டும், எக்ஸ்பாக்ஸிலும் அப்படித்தான். இலவச கேம்களுக்கு மட்டும் விலக்கு. கம்ப்யூட்டரில் இப்படி ஒரு பொதுச் சந்தா கிடையாது. இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஏற்பாடு, இணையத்துக்கு ஏற்கெனவே தனியாகப் பணம் கட்டிக்கொண்டுதானே இருக்கிறோம்?

மறுபக்கம், டிஸ்க் போடும் கன்சோல் என்றால் ஆடி முடித்த கேமை விற்கலாம், நண்பருக்கு இரவல் கொடுக்கலாம். ஸ்டீமில் வாங்கியதை விற்க முடியாது. அதற்குப் பதில், வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். டிஸ்க் டிரைவ் இல்லாத கன்சோலை வாங்குபவர்கள் யோசித்து வாங்குங்கள், அந்தப் பெட்டியில் கேம் விற்கும் கடை ஒன்றே ஒன்றுதான்.

வேலைக்கோ படிப்புக்கோ எப்படியும் மேசைக் கம்ப்யூட்டர் வேண்டும் என்றால், அதில் ஒரு கிராபிக்ஸ் கார்டு சேர்ப்பதுதான் புத்திசாலித்தனம், பவர் சப்ளை தாங்குமா, பெட்டிக்குள் கார்டு நுழையுமா என்று மட்டும் முதலிலேயே அளந்துவிடுங்கள். லேப்டாப்பில் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதே எண் போட்ட கார்டு லேப்டாப்பில் பெரும்பாலும் பலம் குறைந்ததாகவே இருக்கும்.

கேள்வி: கொஞ்சம் பொறுத்தால் எல்லா கேமும் கம்ப்யூட்டருக்கு வந்துவிடுமே, கன்சோல் எதற்கு?

பதில்: எல்லாமும் வராது. நிண்டெண்டோவின் மரியோவும் செல்டாவும் ஆட வேண்டுமென்றால் நிண்டெண்டோ பெட்டிதான் கதி. வருகிறவற்றிலும் பொறுமை வேண்டும்: 2018-இல் பிளேஸ்டேஷனில் வந்த காட் ஆஃப் வார் கம்ப்யூட்டருக்கு வந்தது 2022 ஜனவரியில். கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5 கன்சோலுக்கு 2013, கம்ப்யூட்டருக்கு 2015. எக்ஸ்பாக்ஸைத் தயாரிக்கும் மைக்ரோசாஃப்ட் தன் சொந்த கேம்களைப் பெரும்பாலும் எக்ஸ்பாக்ஸ், கம்ப்யூட்டர் இரண்டிலும் ஒரே நாளில் விடுகிறது.

ஆனால் கம்ப்யூட்டரில் பிறந்து வளர்ந்தவை என்று ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. கவுன்டர் ஸ்டிரைக் 1999-இல் ஹாஃப் லைஃப் கேமை ரசிகர்கள் மாற்றி எழுதிய மாட் ஆகத்தான் தொடங்கியது, டோட்டாவும் வார்கிராஃப்ட் 3-க்குள் ரசிகர்கள் செய்ததுதான். ஆடுகிறவர்களே கேமைப் பிரித்து மேய்ந்து புதிதாக ஒன்றைக் கட்ட முடிகிற இடம் இது, அது ஒன்றுக்காகவே கம்ப்யூட்டர் பக்கம் என் மனது சாய்கிறது.

கேள்வி: புது கன்சோலை டிவியில் மாட்டினேன். பட்டனை அழுத்தினால் சற்று நேரம் கழித்துத்தான் ஆள் குதிக்கிறான். திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: கன்சோலின் தப்பாக இருக்காது. டிவி படத்தை மெருகேற்றிக் காட்ட எடுத்துக்கொள்ளும் நேரம் அது. டிவியின் செட்டிங்ஸில் கேம் மோட் என்று இருக்கும், அதைப் போடுங்கள். அப்படியே கேமின் செட்டிங்ஸில் தரம், வேகம் என்று இரண்டு வழி இருந்தால் வேகத்தைத் தேர்ந்தெடுங்கள், பொதுவாக 30 ஃபிரேமுக்குப் பதில் 60 கிடைக்கும், குதிப்பதும் சட்டென்று நடக்கும்.