எலக்ட்ரானிக்ஸ் படித்த மகளுக்கு விமானத்தில் என்ன வேலை?

அம்மா, மகள் தடம் மாறுகிறாள் என்று கவலைப்படுகிறீர்கள். சிக்னல் ஃபில்டர் (சிக்னலில் வேண்டாத அசைவுகளை வடிகட்டும் அமைப்பு) பாடத்தில் ஆர்வமுள்ள பெண், விமானத்தை இயக்கும் கணினிக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் போக நினைப்பது தடம் மாறுவதே அல்ல.

இன்றைய பல விமானங்களில் விமானியின் கையசைவு முதலில் கணினிக்குத்தான் போகிறது. சென்சார் இரைச்சலையும் விமான உடலின் அதிர்வையும் ஃபில்டர்கள் அங்கே களைகின்றன. ஆனால் எந்த ஃபில்டரும் கூலி வாங்காமல் உழைப்பதில்லை; அதன் கூலி தாமதம். நொடிக்கு 10 ரேடியனுக்கு (ஏறத்தாழ 1.6 அலைவுகளுக்கு) மேல் வேகமான அசைவுகளை அடக்கும் எளிய ஃபில்டர் ஒன்றே ஏறத்தாழ 0.1 நொடி தாமதத்தைச் சேர்த்துவிடும். அமெரிக்க ராணுவத்தின் பழைய விதிமுறை ஒன்று, முதல்தரக் கையாளுமைக்கு (விமானி எளிதாக ஓட்டக்கூடிய நிலைக்கு) அனுமதித்த மொத்தத் தாமதமே அவ்வளவுதான்!

உயரத்தில் பறக்கும்போது இது பெரும்பாலும் உறைக்காது. ஓடுபாதை நெருங்கும்போது விமானி நுணுக்கமாகத் திருத்துவார். விமானம் உடனே அசையாவிட்டால் இன்னும் கொஞ்சம் இழுப்பார்; இரண்டு இழுப்பின் விளைவும் சேர்ந்து வந்ததும் எதிர்ப்பக்கம் தள்ளுவார். ஊசல் தொடங்கிவிடும். 1977 அக்டோபர் 26 அன்று கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்தில், ஃபிரெட் ஹெய்ஸ் ஓட்டிய எண்டர்பிரைஸ் என்ற நாசாவின் சோதனை விண்ணோடம் தரையிறங்கும்போது இப்படித்தான் ஆடியது. நல்லவேளையாகப் பத்திரமாக இறங்கியது. பிறகு எஃப்-8 என்ற நாசாவின் சோதனை விமானத்தில் வேண்டுமென்றே தாமதத்தைக் கூட்டி இறக்கிப் பார்த்தார்கள். விமானியின் கை வேகமாக ஊசலாடினால் அந்தக் கட்டளையின் வலுவைக் குறைக்கும் ஃபில்டர் ஒன்று விண்ணோடத்தில் சேர்க்கப்பட்டது. நோய்க்கு ஒரு காரணமானதே மருந்தாகவும் வந்தது, பாருங்கள்.

உங்கள் மகளின் குறை வேறு இடத்தில் இருக்கிறது: பறப்பியக்கவியல், அதாவது விமானம் காற்றில் எப்படி அசைகிறது என்ற பாடம். எலக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் பலர் அதைத் தொடுவதே இல்லை. அதை இப்போதே படிக்கட்டும். கூடவே, தாமதத்தை 0.05, 0.1, 0.2 நொடி என்று மாற்றக்கூடிய சிறிய சிமுலேட்டர் ஒன்றை எழுதி, நண்பர்களைத் தரையிறக்கச் சொல்லி, விமானம் ஓட்ட எவ்வளவு எளிது என்று விமானிகள் மதிப்பிடும் கூப்பர்-ஹார்ப்பர் அளவுகோலில் 1 முதல் 10 வரை மதிப்பெண் வாங்கி, தாமதத்தோடு சேர்த்து வரைபடமாக்கட்டும். அந்த அளவுகோலில் 1 தான் மிகச் சிறந்தது. நேர்முகத் தேர்வில் சான்றிதழ்களைவிட அந்த வரைபடம் அதிகம் பேசும் என்பது என் கணிப்பு.

காலியிடங்கள் குறைவு, மறைக்கவில்லை. ஆனால் ட்ரோன், ரோபோ, கார் நிறுவனங்களுக்கும் இதே திறமை தேவை. முடிந்தால் ஒரு விமானியிடம் அவர் பேசட்டும். "கொஞ்சம் வழுக்குகிறது" என்றுதான் விமானி சொல்வார். அது எத்தனை மில்லிநொடி என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் மகளின் வேலை.