போட்டோஷாப் வகுப்புக்கு 18,000 ரூபாய் கட்டலாமுங்களா?

கேள்வி: வணக்கமுங்க. பையன் எட்டாவது முடிச்சு ஒன்பதாவது போறான். மாரியம்மன் நோம்பிக்குப் போனிலேயே படத்தை வெட்டி ஒட்டி வாழ்த்து செஞ்சு ஒறம்பரைக்கெல்லாம் அனுப்பினான். அவங்கப்பாவுக்குப் பெருமை தாங்கலை. இங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் போட்டோஷாப், கோரல் டிரா ஆறு மாச டிப்ளமோவுக்கு 18,000 கேக்கறாங்க. இந்த வாரமே கட்டினா 3,000 தள்ளுபடியாம். சர்ட்டிபிகேட்டுக்கு அரசு அங்கீகாரம் இருக்குதாம். வீட்டுக்கு கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டரும் 80,000 ரூபாய்க்கு அவங்களே வாங்கித் தர்றாங்களாம். கட்டலாமுங்களா?
ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: இந்த வாரம் கட்டாதீங்கம்மா. அந்தத் தள்ளுபடி அடுத்த வாரமும் இருக்கும்.

முதலில் அங்கீகாரம். எந்தத் துறை, எந்தப் பாடத்துக்குக் கொடுத்தது என்று எழுத்தில் கேளுங்கள். பல சென்டர்களின் சுவரில் தொங்குவது உத்யம் பதிவுச் சான்று. சிறுதொழில் செய்கிற யாரும் அதை இணையத்தில் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். மாவு மில்லுக்கும் உண்டு. யாரும் வந்து பாடத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்த சான்று அல்ல. எப்படியும் ஒன்பதாவது படிக்கிற பையனிடம் டிப்ளமோ கேட்கப் போகிறவர் யார்? திருப்பூர் பிரிண்டிங் பட்டறையில் போய் நின்றால், "நீ செஞ்சதைக் காட்டு தம்பி" என்பார்கள். அங்கே துணியில் அச்சடிக்க, டிசைனில் எத்தனை நிறமோ அத்தனை ஸ்கிரீன் (அச்சு வலைச் சட்டம்) போட வேண்டும். ஆறு நிறப் படத்தை அழகு கெடாமல் மூன்று நிறத்துக்குள் கொண்டுவருகிறவனுக்குத்தான் மதிப்பு.

பணம் கட்டும் முன் பையனோடு ஒரு வகுப்பில் உட்காருங்கள். ஆளுக்கொரு கம்ப்யூட்டரா, மூன்று பேருக்கு ஒன்றா என்று பாருங்கள். பிறகு மாஸ்டரிடம், "போட்டோஷாப்பில் யூனிகோட் தமிழில் கொங்கு என்று அடித்துக் காட்டுங்க" என்று கேளுங்கள். யூனிகோட் என்பது போனிலும் வாட்ஸப்பிலும் நாம் அடிக்கிற தமிழ். எழுத்து அமைப்பை இந்திய மொழிகளுக்கு மாற்றாமல் விட்டிருந்தால் 'கொ'வின் கொம்பும் காலும் இடம் மாறி, பார்க்கச் சகிக்காது. விஷயம் தெரிந்தவர் செட்டிங்கில் போய் அரை நிமிஷத்தில் சரிசெய்வார். தெரியாதவர், "தமிழுக்கு பாமினி ஃபாண்ட்தான்" என்பார். யூனிகோட் அல்லாத பழைய பாமினியை இன்றும் பல அச்சகங்களில் பயன்படுத்துகிறார்கள், குற்றமில்லை. ஆனால் அதில் அடித்ததை எடுத்து வாட்ஸப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லித் தரத் தெரிந்தவரிடம் பையனை விடலாம்.

அடுத்து, அந்தக் கம்ப்யூட்டர்களில் இருப்பது காசு கொடுத்த போட்டோஷாப்தானா என்று கேளுங்கள். போட்டோஷாப்பைத் தயாரிக்கிற அடோபி 2013-இல் சந்தா முறைக்கு மாறிவிட்டது. "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இதைப் போட்டுக்கோ" என்று பென்டிரைவ் நீட்டினால் அது திருட்டுப் பிரதி. தெரிந்தே பயன்படுத்தினால் பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவில் தண்டனை உண்டு, வைரஸ் தனி. கிம்ப், இங்க்ஸ்கேப், கிரிட்டா என்ற படவேலை மென்பொருள்கள் மூன்றும் சட்டப்படியே இலவசம். பிரவுசரில் ஓடுகிற போட்டோபியா, போட்டோஷாப் கோப்புகளையும் திறக்கும். லேயர், செலக்‌ஷன், மாஸ்க் இவற்றைக் கிம்ப்பில் பழகினவனுக்குப் போட்டோஷாப் பிடிபடக் கொஞ்ச நாள் போதும். பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் சொல்லிக் கொடுத்தார்களே, அதன் கடைசிப் பெரிய பதிப்பு 2001-இல் வந்தது. மென்பொருளின் பெயரை நம்பிப் பணம் கட்டினால் இதுதான் கதி.

கோரல் டிராவுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. ஃபிளெக்ஸ் கடை, பத்திரிகை அடிக்கிற கடைகளில் அதன் ராஜ்ஜியம்தான். பிளஸ் டூ லீவில் அங்கே வேலைக்குப் போக ஆசைப்பட்டால் அப்போது கற்றுக்கொள்ளட்டும்.

80,000 ரூபாய் வேண்டவே வேண்டாம். இந்த வயசுப் படவேலைக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு அவசியமில்லை. 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி, நல்ல மவுஸ் போதும். ஆபீஸில் ஓடிக் கழிந்த டெஸ்க்டாப் கூடச் சரிதான். மானிட்டரில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். கடையில் ஒரு முகப்படத்தைத் திறந்து, குனிந்து கீழிருந்து பாருங்கள். முகம் கறுத்துப்போனால் அதில் நிறம் திருத்த முடியாது. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத ஐபிஎஸ் வகைத் திரை கேளுங்கள்.

கேள்வி: மகளுக்கு டிசைன் வகுப்புக்கு 12,000 ரூபாய் மொத்தமாகக் கட்டினேன். மூன்றாம் வாரமே மாஸ்டர் நின்றுவிட்டார். இப்போது யூடியூப் வீடியோ போட்டுவிட்டு உட்காரச் சொல்கிறார்கள். வகுப்பு நடக்காத நாளையெல்லாம் மகள் காலண்டரில் சுழித்து வைத்திருக்கிறாள். பணம் கேட்டால், 'கட்டணம் திருப்பித் தரப்படாது' என்று ரசீதில் இருப்பதைக் காட்டுகிறார்கள்.
ஒரு வாசகர், பெருந்துறை

பதில்: ரசீதில் அச்சடித்துவிட்டால் அது சட்டம் ஆகிவிடாது. சொன்ன சேவையைத் தராதது சேவைக் குறைபாடு. "கல்வி நிறுவனம் நுகர்வோர் சட்டத்தில் வராது" என்று மிரட்டினாலும் அசராதீர்கள். பள்ளி, கல்லூரிகளை விலக்கி 2020 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையம் அளித்த தீர்ப்பே, பயிற்சி மையங்கள் அந்த விலக்கில் வராது என்கிறது.

நடக்காத மாதங்களுக்கான தொகையைக் கேட்டு 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதிலும் மசியவில்லை என்றால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். இ-ஜாக்ரிதி தளத்திலும் மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

ரசீதை இரண்டு நகல் எடுத்து வையுங்கள். மாசம் பிறந்துவிட்டது என்று அந்தக் காலண்டர் தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.