வேலையும் நகரமும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எனக்கு 48 வயது. ஒரு தளவாட நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராக இருக்கிறேன். விலைப்பட்டியல்களைப் படித்துப் பதிவுசெய்யும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளை வாங்கியிருக்கிறார்கள். என் வேலை பறிபோகுமா?
- வாசகி, ஈசூன்

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. 2025 பிப்ரவரியில் சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியின் அப்போதைய தலைமை நிர்வாகி பியூஷ் குப்தா, செயற்கை நுண்ணறிவின் காரணமாக மூன்றாண்டுகளில் ஏறத்தாழ 4,000 ஒப்பந்த, தற்காலிக வேலைகள் குறையும் என்று வெளிப்படையாகவே கூறினார். நிரந்தர ஊழியர்களை இது பாதிக்காது என்றும் ஒப்பந்தம் முடிந்து செல்வோரால் எண்ணிக்கை தானாகக் குறையும் என்றும் வங்கி விளக்கியது. என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இந்த ஓசையற்ற குறைப்புதான். ஆட்குறைப்பு என்று யாரும் அறிவிக்காததால், புதிதாக வேலை தேடும் பிள்ளைகளுக்குக் கதவு அடைபட்டது தெரிவதே இல்லை.

ஆனால் உங்கள் பணி வெறும் பதிவு மட்டுமன்று. பொருள் சேவை வரி 2024 ஜனவரியில் 9 விழுக்காடாக உயர்ந்தபோது, டிசம்பரில் வந்திறங்கிய சரக்குக்கு ஜனவரியில் விலைப்பட்டியல் வந்தால் எந்த விகிதம் பொருந்தும் என்று முடிவெடுத்து, அதற்குப் பொறுப்பேற்க ஒரு மனிதர் தேவைப்பட்டார். மென்பொருள் பதிந்ததைச் சரிபார்க்கும் பொறுப்பை இப்போதே கேட்டு வாங்குங்கள். அது தவறும் இடங்களைக் குறித்துவைத்து மேலாளரிடம் காட்டுங்கள். நீங்கள் சிங்கப்பூர்க் குடிமகளானால், 40 வயதைக் கடந்தவர்களுக்கு 2024 மே மாதம் வழங்கப்பட்ட பயிற்சிக் கட்டணத்துக்கான 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை உங்கள் கணக்கிலும் இருக்கும். அங்கீகரிக்கப்பட்ட முழுநேரப் பயிற்சியில் சேர்ந்தால், சராசரி வருமானத்தில் பாதி, மாதம் 3,000 வெள்ளி வரை படித்தொகையாகக் கிடைக்கும். வேலை போனபிறகு படிக்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: ஷென்டன் வே பக்கம் உணவுக்கடை நடத்துகிறேன். திங்களும் வெள்ளியும் கூட்டமே இல்லை. நகர மையம் இனி இப்படித்தானா?
- வாசகர், தஞ்சோங் பகார்

பதில்: நகர மையம் அழியப் போவதில்லை, ஆனால் அங்கு வருவோர் மாறுவார்கள். வேலையிடங்களை வீடுகளுக்கு அருகில் கொண்டுசெல்லும் எண்ணம் சிங்கப்பூரின் நிலப் பயன்பாட்டுக்கான நீண்டகாலத் திட்டமான, 1991ஆம் ஆண்டின் கருத்துத் திட்டத்திலேயே உண்டு. தெம்பனிஸ் வட்டார மையம் அப்படி வளர்ந்ததே, பொங்கோல் மின்னிலக்க வட்டாரமும் அதே வழியில் வருவதே. கொவிட்-19 காலத்தில் பழகிய வீட்டுவேலை அந்தப் போக்கை விரைவுபடுத்தியது. அதற்கு முன்பே, 2019இல், நகர மறுசீரமைப்பு ஆணையம் ஆன்சன் ரோடு, சிசில் ஸ்திரீட், ராபின்சன் ரோடு, ஷென்டன் வே, தஞ்சோங் பகார் பகுதிகளிலுள்ள பழைய அலுவலகக் கட்டடங்களை வீடுகளும் ஹோட்டல்களும் கலந்தவையாக மாற்றுவோருக்குக் கூடுதல் கட்டுமானப் பரப்பை அனுமதிக்கும் ஊக்குவிப்புத் திட்டத்தை அறிவித்தது. அங்கே குடியேறுவோர் இரவிலும் வார இறுதியிலும் சாப்பிட வருவார்கள். ஆனால் ஒரு கட்டடத்தை இடித்து எழுப்பப் பல ஆண்டுகள் ஆகும். வாடகையோ மாதந்தோறும் வந்து நிற்கிறது. ஆகவே ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, வாடகையின் ஒரு பகுதியையாவது விற்பனைக்கு ஏற்பக் கூடிக் குறையும்படி கேளுங்கள். இந்த இடைக்காலச் சுமை முழுவதும் சிறு கடைக்காரர் தலையில் விழுவது நியாயமன்று.

கேள்வி: வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டால் முதலாளி மறுக்க முடியுமா?
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: முடியும், ஆனால் காரணம் சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் 1 முதல் நடப்பிலுள்ள, அரசாங்கமும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகளின்படி, முறையாக எழுத்தில் கேட்டால் இரண்டு மாதங்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். செலவு, உற்பத்தித்திறன் போன்ற காரணங்கள் ஏற்கப்படும். நிர்வாகத்துக்கு இதில் நம்பிக்கை இல்லை என்பது ஏற்கப்படாது. முழு வாரமும் கேட்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; வாரத்தில் இரண்டு நாள் கேளுங்கள். முற்றிலும் வீட்டிலிருந்தே முடிக்கக்கூடிய வேலையை, குறைந்த சம்பளத்தில் ஜோகூர் பாருவிலோ சென்னையிலோ இருப்பவரிடம் ஒப்படைக்கலாம் என்ற எண்ணம் நிர்வாகத்துக்கு எளிதில் வரும். எந்த இரண்டு நாள், எதற்காக, அன்றைய பணிகளை எவ்வாறு முடிப்பீர்கள் என்பதைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.