முடிச்சோட குரூப்புக்கு மேட்ரிக்ஸ் எதுக்கு? – வாசகர் கடிதம்

வணக்கம் சார்,

முடிச்சுகள் பத்தி நீங்க எழுதினதுல, முடிச்சைச் சுத்தியிருக்கற வெளியோட ஃபண்டமெண்டல் குரூப் (ஒரு புள்ளியில கிளம்பி அங்கேயே திரும்பற லூப்புகளோட குரூப்) வரைக்கும் புரிஞ்சுது. அதுக்கப்புறம் திடீர்னு அந்த குரூப்போட ரெப்ரசன்டேஷன்லாம் (குரூப்பை மேட்ரிக்ஸா எழுதற வழிகள்) சேர்ந்து ஒரு அல்ஜிப்ராயிக் வெரைட்டின்னு (பாலினாமியல் ஈக்வேஷன்களோட தீர்வுகள் சேர்ந்த உருவம்) போயிட்டீங்க. குரூப்லயே எல்லாம் இருக்கும்போது அதை 2×2 மேட்ரிக்ஸுக்கு அனுப்பறது இருக்கறதை இழக்கற மாதிரிதானே? ஜியோமெட்ரி எங்க வருது?

– ஒரு எம்.எஸ்சி. மாணவன்

அன்புள்ள நண்பருக்கு,

கொஞ்சம் இழக்கறோம்கறது உண்மைதான். ஆனா குரூப்பை வெறுமனே கையில வச்சுக்கிட்டு என்ன பண்றது? படத்துல ஒவ்வொரு கிராஸிங்குக்கும் ஒரு ரிலேஷன் எழுதினா குரூப் வந்துடும், ஆனா அப்படி எழுதின ரெண்டு லிஸ்ட்டைப் பக்கத்துல பக்கத்துல வச்சு ரெண்டும் ஒண்ணான்னு கேட்டா, பார்த்துச் சொல்ல முடியாது. ஜெனரேட்டர் இருக்கற இடத்துல டிடர்மினண்ட் 1 உள்ள காம்ப்ளெக்ஸ் மேட்ரிக்ஸைப் போட்டுட்டா ஒவ்வொரு ரிலேஷனும் பாலினாமியல் ஈக்வேஷனா மாறிடுது, தீர்வுகள் எல்லாம் சேர்ந்து ஒரு உருவமா நிக்குது, அது எத்தனை துண்டு, துண்டுங்க எங்க வெட்டிக்குதுன்னு கேட்கலாம். ஜியோமெட்ரி வர்ற இடம் இதுதான். ஏன் 1×1 போதாதுன்னா, அங்க எல்லாமே கம்யூட் ஆகும், அப்போ எந்த முடிச்சுக்கும் ஒரே பதில்தான் வரும்.

மூணே கிராஸிங் உள்ள ட்ரெஃபாயில் முடிச்சை எடுத்துக்கங்க. ஜெனரேட்டர் அ, இ ரெண்டே ரெண்டு, ரிலேஷன் ஒண்ணே ஒண்ணு: அஇஅ = இஅஇ. ரெண்டும் கான்ஜுகேட், அதனால டிரேஸ் (மூலைவிட்டத்தோட கூட்டுத்தொகை) சமம், அதை ப-ன்னு வைங்க. அஇ-யோட டிரேஸ் ம. கம்யூட் ஆகற கேஸ்ல அ-வும் இ-யும் ஒண்ணுதான், ம = ப² − 2ன்னு ஒரு பரபோலா. இது எல்லா முடிச்சுக்கும் உண்டு. இர்ரெட்யூசிபிள் கேஸுக்கு (ரெண்டு மேட்ரிக்ஸுக்கும் பொதுவான ஐகன்வெக்டர் இல்லாத கேஸ்; இருந்தா ரெட்யூசிபிள்) ரிலேஷன்லேர்ந்து (அஇஅ)² = (அஇ)³ன்னு வருது, அது எல்லாத்தோடயும் கம்யூட் ஆகறதால ±1 ஆத்தான் இருக்க முடியும், +1 வந்தா குரூப்பே அபீலியன் ஆயிடும், ஆக −1. அப்போ ம = 1. வெறும் ஒரு நேர்கோடு!

இப்ப பரபோலாவும் கோடும் எங்க வெட்டிக்குதுன்னு பாருங்க, எனக்கு இந்த சப்ஜெக்ட்லயே ரொம்பப் பிடிச்ச இடம் இது. ப² = 3. அ-வோட ஐகன்வேல்யூவோட வர்க்கத்தை த-ன்னு வச்சா த + 1/த = 1, அதாவது த² − த + 1 = 0. இது ட்ரெஃபாயிலோட அலெக்சாண்டர் பாலினாமியல் (முடிச்சுகளை வேறுபடுத்திக் காட்ட உதவற பாலினாமியல்)! நாம தேடிப் போகவே இல்ல, ரெண்டு துண்டு சந்திக்கற இடத்துல அதுவா வந்து நிக்குது. இது தற்செயல் இல்ல, கம்யூட் ஆகாத ரெட்யூசிபிள் ரெப்ரசன்டேஷன் சரியா த அந்த அலெக்சாண்டர் பாலினாமியலோட மூலமா இருக்கற இடத்துலதான் கிடைக்கும்னு 1967ல புர்டேவும் டி ராமும் தனித்தனியா காட்டினாங்க.

எட்டு முடிச்சுக்கு (ஆங்கில 8 மாதிரி இருக்கற figure-eight முடிச்சு) வந்தா, இதுக்கும் ஜெனரேட்டர் ரெண்டுதான், அதே ப, ம-வை வச்சா இர்ரெட்யூசிபிள் துண்டு ப²(ம − 2) = ம² − ம − 1. ப(ம − 2)ஐ வ-ன்னு எழுதினா வ² = (ம − 2)(ம² − ம − 1), ஒரு எலிப்டிக் கர்வ். ப = 2ன்னு போட்டா ம² − 5ம + 7 = 0, மூலத்துல √−3 வருது; அந்தப் புள்ளிதான் முடிச்சுக்கு வெளியே இருக்கற இடத்துக்கு ஹைப்பர்பாலிக் ஜியோமெட்ரி (எங்கயும் நெகட்டிவா வளைஞ்ச ஜியோமெட்ரி) குடுக்கற ரெப்ரசன்டேஷன், 1975ல ராபர்ட் ரைலி கண்டுபிடிச்சது.

கர்வ் முடிவிலிக்கு ஓடற இடமும் சும்மா இல்ல. அங்கேர்ந்து முடிச்சுக்கு வெளியே இருக்கற வெளியில ஒரு எசென்ஷியல் சர்ஃபேஸை (இன்னும் எளிமையா சுருக்க முடியாத பரப்பு) உருவாக்கலாம்னு 1983ல கல்லரும் ஷேலனும் காட்டினாங்க, அல்ஜிப்ராவோட ஓரத்துலேர்ந்து டோபாலஜி கிடைக்குதுங்கறதை நினைச்சுப் பாருங்க. எதை இழக்கறோம்னு கேட்டீங்களே, அவிழ்க்க முடியாத எந்த முடிச்சுக்கும் பரபோலாவைத் தாண்டி ஏதாவது இருந்தே தீரும். 2004ல க்ரோன்ஹைமரும் ம்ரோவ்காவும், யூனிட்டரி மேட்ரிக்ஸ்லயே இர்ரெட்யூசிபிள் ரெப்ரசன்டேஷன் உண்டுன்னு நிரூபிச்சுட்டாங்க, ஆனா அதுக்கு இயற்பியல்லேர்ந்து வந்த கேஜ் தியரி வரைக்கும் போக வேண்டியிருந்துது.

ட்ரெஃபாயிலை முதல்ல பேப்பர்ல நீங்களே போட்டுப் பாருங்க. அப்புறம் எட்டு முடிச்சோட ஈக்வேஷன்ல ம = ப² − 2ஐப் போடுங்க, ப² = 5 வரணும்; அதுலேர்ந்து த² − 3த + 1 வந்துடுச்சுன்னா கணக்கு சரி.