தடித்த கால் கொண்ட எழுத்துகள்: ஸ்லாப் செரிஃப் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஆங்கில எழுத்துருக்களில் ஸ்லாப் செரிஃப் வகையை எப்படி அடையாளம் காண்பது? (கல்லூரி மாணவி)

பதில்: எழுத்தின் காலைப் பாருங்கள். டைம்ஸ் ரோமனில் தண்டின் (எழுத்தின் நெடுங்கோட்டின்) அடியில் உள்ள குறுக்குக்கோடு, அதாவது செரிஃப், ஓரத்தில் மெலிந்து முடியும். ஸ்லாப் செரிஃபிலோ, அந்தக் கோடு ஏறக்குறையத் தண்டின் தடிமனிலேயே, பலகை வைத்தாற்போல நிற்கும். 1934இல் மோனோடைப் நிறுவனம் வெளியிட்ட ராக்வெல் எழுத்துருவில் தண்டும் பலகையும் செங்கோணமாகச் சந்திக்கும். இவ்வகையின் இன்னொரு எழுத்துருவான கிளாரெண்டனில் அந்த மூலையைச் சிறு வளைவு நிரப்பியிருக்கும்.

கேள்வி: இதற்கு ‘ஈஜிப்ஷியன்’ என்ற பெயர் ஏன்? எகிப்திய எழுத்தோடு தொடர்பு உண்டா?

பதில்: இல்லை. 1798இல் நெப்போலியன் எகிப்தின் மீது படையெடுத்த பிறகு ஐரோப்பாவில் பரவிய எகிப்து மோகத்தின் எச்சம் அது. லண்டனில் இவ்வகையை முதலில் அச்சிட்டுக் காட்டிய எழுத்து வார்ப்பாளர் வின்சென்ட் ஃபிக்கின்ஸ் அதற்கு இட்ட பெயர் ‘ஆன்டிக்’ என்பதே.

கேள்வி: கிளாரெண்டனை மட்டும் தாங்கள் தனித்துப் பாராட்டுவது ஏன், ஐயா? (அச்சக உரிமையாளர்)

பதில்: ஓடும் உரைக்குள் ஒரு சொல்லை மட்டும் அழுத்திக் காட்ட விரும்பிய அச்சுக்கோப்பாளர், அதுவரை விளம்பரத்துக்கென வார்த்த பருத்த எழுத்தை எடுத்து நடுவே செருக வேண்டியிருந்தது, அது பக்கத்துச் சொற்களோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கும். 1845இல் லண்டன் ஃபேன் தெரு எழுத்து வார்ப்பகத்தில் அதன் பங்குதாரர் ராபர்ட் பெஸ்லிக்காக பெஞ்சமின் ஃபாக்ஸ் செதுக்கிய கிளாரெண்டன், சாதாரண எழுத்தோடு ஒரே வரியில் அமைதியாக உட்கார்ந்து, அதே சமயம் கண்ணையும் இழுத்தது. அகராதித் தலைச்சொற்களுக்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்? பெஸ்லி வடிவத்தைப் பதிவு செய்தார்; ஆனால் பாதுகாப்பு மூன்றே ஆண்டுகள். அது முடிந்ததும் மற்ற வார்ப்பகங்கள் தாராளமாக நகலெடுத்தன. அதன் பெரிய ‘ஆர்’ (R) எழுத்தை உருப்பெருக்கிப் பாருங்கள்: வலதுகால் தரையைத் தொட்டு, நுனியில் மேல்நோக்கிச் சுருளும். அவ்வளவு கனத்த உடலில் அந்த நளினம் என்னை இன்றும் நிறுத்திவைக்கிறது.

கேள்வி: பழைய அமெரிக்கச் சுவரொட்டிகளில் காணும் எழுத்தும் இதுதானா?

பதில்: அதன் வழிவந்தது. பெரிய ஈய எழுத்துகள் கனமானவை, விலை கூடியவை. எனவே மரத்துக்கு மாறினார்கள். 1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மர எழுத்தை இயந்திரத்தால் குடையத் தொடங்கினார். மெல்லிய செரிஃப் மரத்தில் எளிதில் சிம்பாகிவிடும், பலகைக்கால் தாங்கும். பின்னர் வந்த பிரெஞ்சு கிளாரெண்டனில் கால்கள் தண்டைவிடவே தடித்துப்போயின.

கேள்வி: தட்டச்சு எழுத்தான கூரியரும் இவ்வகையா?

பதில்: ஆம், மெலிந்த உறுப்பினர். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்பதால், ஒல்லியான ‘ஐ’ (i) எழுத்தின் இருபுற வெற்றிடத்தை நீண்ட செரிஃப்கள் நிரப்புகின்றன.

கேள்வி: கடைப் பெயர்ப்பலகைக்குப் பயன்படுத்தலாமா? அதே எழுத்தில் துண்டறிக்கை முழுவதையும் அச்சிடலாமா? (வடிவமைப்பாளர்)

பதில்: பலகைக்குத் தயங்காமல் பயன்படுத்துங்கள், அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் சாலைப் பலகைகளில் கிளாரெண்டன் நெடுங்காலம் இருந்தது. துண்டறிக்கையில் தலைப்போடு நிறுத்துங்கள். பத்தி முழுவதும் தடித்த ஸ்லாப் என்றால் பக்கமே கறுத்துவிடும். எந்தச் சொல்லும் தனித்துத் தெரியாது. இடம் போதவில்லை என்று எழுத்தை அகலவாக்கில் நசுக்காதீர்கள். தண்டு மெலிந்து கால் மட்டும் தடித்து நிற்கும். குறுகிய வடிவம் தனியாகக் கிடைக்கிறது. அனுப்புமுன் உண்மையான அளவில் ஒரு படி எடுத்துச் சுவரில் ஒட்டி, எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து சிறிய ‘ஏ’ (a), ‘இ’ (e) எழுத்துகளின் உள்வெளி அடைபடாமல் தெரிகிறதா என்று பாருங்கள். அடைபட்டால் அதே எழுத்துருவில் சற்று மெலிந்த கோடுகள் கொண்ட வடிவத்தை எடுங்கள்.