மேடைக்கும் திரைக்கும் பாட்டெழுதுதல்: கேள்வி பதில்

கொட்டாஞ்சேனை மாணவர்: ஐயா, நான் கவிதை எழுதுகிறேன். பாடலாசிரியராவதற்கு அது போதுமா?

போதாது. கவிதையின் ஓசையை நீங்களே தீர்மானிக்கிறீர்கள். திரைப்பாட்டிலோ பெரும்பாலும் மெட்டு முதலில் பிறந்துவிடுகிறது. இசையமைப்பாளர் தத்தகாரமாக ('தன்னன தானன' போன்ற பொருளற்ற ஓசைகளாக) தரும் அந்த மெட்டின் குறிலிலும் நெடிலிலும் உங்கள் சொற்கள் பிசகாமல் அமர வேண்டும். கார்வை, அதாவது இழுத்துப் பாடும் ஓசை, நீளும் இடத்தில் 'நிலா' என்று எழுதினால் பாடகரின் குரல் தங்கி நிற்கும். அங்கே 'கொக்கு' என்று எழுதினால் இறுதியில் குறுகி ஒலிக்கும் உகரமான குற்றியலுகரத்தில் குரல் நிற்க இடமின்றித் தவிக்கும். செய்யுள் இலக்கணமான யாப்புப் படியுங்கள், தாளம் போடவும் கற்றுக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தை வாசகி: நாடகம், திரைப்படம் இரண்டில் எதிலிருந்து தொடங்குவது நல்லது?

நாடகத்திலிருந்து என்பதே என் உறுதியான கருத்து. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் காலத்தில் ஒலிபெருக்கி இல்லை. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சொல் விளங்கவேண்டியிருந்ததால், கதையையும் பாத்திரத்தின் மனநிலையையும் பாட்டே சுமந்தது. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படத்துக்குப் பாட்டெழுதிய மதுரகவி பாஸ்கரதாஸ் மேடையிலிருந்தே வந்தார். உடுமலை நாராயணகவியும் அவ்வாறே வந்தவர். 29 வயதில் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமும் நாடகக் குழுவில் நடித்தவர். இவர்களின் எளிமை தற்செயலாக வந்ததன்று. சபையின் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகியதால் வந்தது. எந்த வரியில் மண்டபம் நிமிர்கிறது, எந்த வரியில் இருமல் கேட்கிறது என்பதை ஒலிப்பதிவுக்கூடம் உங்களுக்குச் சொல்லாது. ஆகவே கொழும்பில் நாடகம் போடும் ஏதாவதொரு குழுவின் ஒத்திகைக்குச் சென்று, நடிகர் மூச்சு வாங்கும் இடங்களைக் கவனித்து, அதற்கேற்ப வரிகளை வெட்டப் பழகுங்கள். நம் கூத்தில் பாத்திரம் மேடைக்கு வரும்போது பாடப்படும் வரவுப் பாட்டுகளையும், தரு எனப்படும் கூத்துப் பாடல்களையும் அவசியம் கேளுங்கள்; ஒரு பாத்திரத்தைச் சில அடிகளில் அறிமுகப்படுத்தும் வித்தை அங்கே இருக்கிறது.

தெகிவளை வாசகர்: இத்தொழிலை நம்பிக் கொழும்பில் குடும்பம் நடத்தலாமா?

பாட்டை மட்டும் நம்பி நடத்துவது கடினம். 1962இல் 'சமுதாயம்' படம் வந்த நாள்முதல் இலங்கைத் தமிழ்ப் படங்கள் தொடர்ச்சியான தொழிலாக வளரவில்லை. வானொலி மெல்லிசை, விளம்பரம், நாடகம் என்று எழுதிக்கொண்டே வேறொரு தொழிலையும் வைத்திருங்கள். சில்லையூர் செல்வராசன் கவிஞராக இருந்துகொண்டே ஒலிபரப்பாளராகவும் பணியாற்றினார்.

வத்தளை வாசகி: எழுதிக் கொடுத்த பாட்டில் எனக்கு உரிமை உண்டா?

உண்டு. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியரின் வாழ்நாளிலும் அவர் மறைந்தபின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை நிலவும்; அதற்குப் பதிவு தேவையில்லை. இந்தியாவில் 2012இல் வந்த திருத்தம், திரையரங்குக்கு வெளியே பாடல் பயன்படும்போது கிடைக்கும் உரிமத்தொகையில் பாடலாசிரியருக்குச் சமபங்கை உறுதிசெய்தது; இங்கே நீங்கள் எழுதிக் கையொப்பமிடும் ஒப்பந்தமே பெரிதும் உங்களைக் காக்கும். தெரிந்தவர், அண்ணன், தம்பி என்று வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள். எந்தப் பயன்பாட்டுக்குக் கொடுக்கிறீர்கள், பெயர் எங்கே இடம்பெறும், மேடையில் மீண்டும் பாடினால் என்ன ஏற்பாடு என்பவற்றை, பாட்டைக் கையளிக்கும் முன்பே எழுதிவிடுங்கள்.